இரண்டு ஸ்பீக்கர்களோடு ஒரு சப்வூஃபர்

ஸ்டீரியோவில் இடம், வலம் என இரண்டே ஒலித்தடங்கள். மனிதக் காது கேட்கும் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான வீச்சு முழுவதையும் இரண்டு ஸ்பீக்கர்களே தந்துவிட வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. வீட்டில் அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் ஸ்பீக்கர்களால் இது முடிவதில்லை. 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றின் ஒலி வேகமாகத் தேய்ந்துவிடுகிறது. நான்கு தந்தி பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து தந்தி என்றால் 31. பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், பெரிய தேவாலய ஆர்கனின் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ், அதாவது கேட்பதைவிட உடம்பில் உணரப்படுவது. இவை சிறிய ஸ்பீக்கரில் அடியோடு மறைந்துபோவதில்லை. அடிப்படைச் சுரம் வராவிட்டாலும் அதன் மேற்சுரங்களைக் கொண்டு மூளை சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. மெட்டு புரியும், கனம் இருக்காது. அந்தக் கனத்தைத் தருவதற்கென்றே தனிப் பெட்டி, பெரிய கூம்பு, சொந்த ஆம்ப்ளிஃபயர், உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டி ஆகியவற்றோடு வருவது பவர்டு சப்வூஃபர்.

சிறிய ஸ்பீக்கர் ஏன் தோற்கிறது என்பது எளிய கணக்கு. ஒலியின் வலிமை, கூம்பு முன்னும் பின்னும் நகர்ந்து தள்ளும் காற்றின் கன அளவைப் பொறுத்தது. அதிர்வெண் பாதியாகும்போது, அதாவது ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது, அதே வலிமைக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு வந்தால் 4 மடங்கு. 20க்கு வந்தால் 16 மடங்கு. ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு சுமார் 85 சதுர செ.மீ. அது ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ. நகர முடிந்தால் தள்ளும் காற்று 34 கன செ.மீ. பன்னிரண்டு அங்குல சப்வூஃபரின் பரப்பு சுமார் 490 சதுர செ.மீ., நகர்வு 12 மி.மீ. என்று கொண்டால் 588 கன செ.மீ. பதினேழு மடங்கு. டெசிபெல் கணக்கில் இது 25 டெசிபெல் வித்தியாசம். இரண்டையும் திறந்தவெளித் தரையில் வைத்து 30 ஹெர்ட்ஸில் முழு வீச்சில் இயக்கினால், ஒரு மீட்டர் தொலைவில் முன்னது 78 டெசிபெல்லையும் பின்னது 103 டெசிபெல்லையும் எட்டும்.

78 என்பது கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். காதின் இயல்பைச் சேர்த்துப் பார்த்தால் அப்படி இல்லை. பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட வரைபடங்கள், தாழ்ந்த அதிர்வெண்களுக்குக் காது எவ்வளவு மந்தமானது என்பதை அளந்து காட்டின. இன்றைய பன்னாட்டுத் தரத்தின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ, அதே அளவு உரக்கக் கேட்க 31.5 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 88 டெசிபெல் வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. 1,000 ஹெர்ட்ஸில் 40க்கும் 60க்கும் இடையே காது உணரும் வித்தியாசம், 31.5 ஹெர்ட்ஸில் வெறும் 11 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே சப்வூஃபரின் ஒலியளவுக் குமிழில் 2, 3 டெசிபெல் மாற்றம் என்பது காதுக்குப் பெரிய மாற்றம். இதைப் பின்னால் மறக்கக் கூடாது.

பெரிய பெட்டியில் பெரிய ஸ்பீக்கர்களை வாங்கிவிட்டால் தீராதா என்றால், தீரும்; இடமும் பணமும் இருந்தால். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோசப் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி. சப்வூஃபர் மூன்றாவதை விட்டுக்கொடுக்கிறது. ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, நூற்றுக்கணக்கான வாட்டைச் செலவழித்து, சிறிய பெட்டியிலிருந்து ஆழத்தைப் பிழிந்தெடுக்கிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் கொண்டுவந்த மூடிய பெட்டி ஏ.ஆர்.-1, ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960கள், 70களில் உருவாக்கிய பெட்டிக் கணிதம் ஆகியவை இதற்கு அடித்தளம். 1968இல் அர்னால்ட் நுடெல் முதலியோரின் இன்ஃபினிட்டி நிறுவனம் வெளியிட்ட சர்வோ-ஸ்டாட்டிக் 1, பேஸ் ஒலிக்கென்று 18 அங்குலக் கூம்புடன் தனிப் பெட்டியைக் கொண்டிருந்தது. ஆக, சப்வூஃபர் வீட்டு ஸ்டீரியோவுக்காகவே பிறந்த கருவி. திரையரங்கமும் ஹோம் தியேட்டரும் அதைப் பிரபலமாக்கியதால், அது வெடிச்சத்தத்துக்கான பெட்டி என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

மூடிய பெட்டியா, காற்றுத்துளை வைத்த பெட்டியா என்று வாங்குமுன் நடக்கும் விவாதத்துக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்படுகிறது. மூடிய பெட்டியின் ஒலி தன் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபெல் என மெதுவாகத் தேயும். துளைப்பெட்டி 20, 25 ஹெர்ட்ஸ் வரை கூடுதல் வலிமை தந்து, பிறகு 24 டெசிபெல் என்ற கணக்கில் சட்டென்று விழும். இரண்டிலும் நல்லவை உண்டு. இணைப்பு வெற்றி பெறுவதும் கெடுவதும் பெரும்பாலும் வேறு இடங்களில்.

ஹோம் தியேட்டர் ரிசீவரில் ஒலியைப் பங்கிடும் வேலையை ரிசீவரே செய்துவிடுகிறது. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபருக்கு அனுப்புவது, ஸ்பீக்கருக்கு எதை நிறுத்துவது, எவ்வளவு தாமதம் என எல்லாம் மெனுவில் இருக்கும். திரைப்பட ஒலியில் தாழ்ந்த விளைவுகளுக்கென எல்.எஃப்.இ. என்னும் தனித் தடமும் உண்டு. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஸ்டீரியோ இசைத்தட்டிலோ கோப்பிலோ எல்.எஃப்.இ. தடமும் கிடையாது. பங்கீட்டை அமைப்பவரே செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழியில் ஸ்பீக்கர்களைத் தொடுவதே இல்லை. அவை வழக்கம்போல் முழு வீச்சையும் பாடும். அவை இயல்பாகத் தேயும் இடத்துக்குக் கீழே சப்வூஃபர் வந்து சேர்ந்துகொள்ளும். எளிமையானது, ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே எந்தக் கருவியும் நுழையாது என்பதால் தூய்மைவாதிகளுக்குப் பிடித்தமானது. 50 ஹெர்ட்ஸ் வரை தெம்பாக இறங்கும் தரை ஸ்பீக்கர்களுக்கு இது பொருத்தமே. சிறிய ஸ்பீக்கர்களுக்கு இதில் பாதிப் பயன்தான். ஐந்து அங்குலக் கூம்பு தன்னால் முடியாத 30 ஹெர்ட்ஸுக்கும் வீணாக முன்பின் பாய்ந்துகொண்டிருக்கும். அதே கூம்புதான் பாடகரின் குரலையும் தருகிறது என்பதால் குரலும் கலங்கும்.

இரண்டாவது வழியில், ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் பாதையில் உயர்கடத்தி வடிகட்டி ஒன்றை வைத்து, 80 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் எல்லைக்குக் கீழே உள்ளதை நிறுத்திவிடுவார்கள். கூம்பின் நகர்வு பெருமளவு குறைகிறது, நடுச்சுரங்கள் தெளிகின்றன, ஆம்ப்ளிஃபயருக்கும் சுமை இறங்குகிறது. சப்வூஃபரின் பெரிய லாபம் ஆழத்தில் இருப்பதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இந்த இளைப்பாறல் அதற்குச் சற்றும் குறைந்த லாபமல்ல. மினிடிஎஸ்பி போன்ற சிறிய எண்முறைச் செயலிகளும், அண்மைக்கால ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயர்கள் சிலவும் இந்த வேலையைச் செய்கின்றன. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பின்புறம் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் இணைக்கும் உலோக வளையங்கள் இருந்தால், அவற்றைக் கழற்றி வடிகட்டியை அங்கே நுழைக்கலாம். தனிப் பவர் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு இன்னும் மலிவான வழி உண்டு: அதன் உள்ளீட்டில் தொடராக ஒரு மின்தேக்கி. உள்ளீட்டு மின்மறுப்பு 47 கிலோ ஓம் என்றால் 0.042 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 80 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும். சரிவு ஸ்தாயிக்கு 6 டெசிபெல் மட்டுமே என்பது இதன் குறை.

இணைக்கும் கம்பிகளில் இரண்டு வகை. ஆம்ப்ளிஃபயரில் ப்ரீ அவுட் அல்லது சப் அவுட் இருந்தால் ஆர்.சி.ஏ. கம்பி போதும். அந்த வெளியீடு ஒலியளவுக் குமிழோடு சேர்ந்து கூடிக் குறைவதாக இருக்க வேண்டும். டேப் அவுட், ரெக் அவுட் எனப்படுபவை அப்படியல்ல. குமிழை எங்கே வைத்தாலும் அவற்றில் வரும் அளவு மாறாது. அங்கே இணைத்தால் பாட்டு மெதுவாகும்போதும் சப்வூஃபர் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும். சப்வூஃபரின் உள்ளீடுகளில் எல்.எஃப்.இ. என்று குறித்திருப்பது வழக்கமாக உள்ளே இருக்கும் வடிகட்டியைத் தவிர்த்துவிடும். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் முழு வீச்சு வெளியீட்டை அதில் செருகினால் பாடகரின் குரல் மூலையிலிருந்து வரும். இடம், வலம் இரண்டையும் ஒய் கம்பியால் ஒன்றாக்கி ஒரே துளையில் செருகுவதும் தவறு. ஆம்ப்ளிஃபயரின் இரண்டு வெளியீட்டுச் சுற்றுகள் ஒன்றையொன்று ஓட்டப் பார்க்கும். ஒரு வெளியீட்டை இரண்டாகப் பிரிக்க ஒய் கம்பியைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

ப்ரீ அவுட் இல்லாத ஆம்ப்ளிஃபயருக்கு ஹை லெவல் இணைப்பு. ஸ்பீக்கர் கம்பிகள் பொருந்தியிருக்கும் அதே முனைகளிலிருந்து இன்னொரு மெல்லிய கம்பி சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபர் இங்கே சமிக்ஞையை மட்டுமே எடுக்கிறது. அதன் உள்ளீட்டு மின்மறுப்பு ஆயிரக்கணக்கான ஓம் என்பதால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை என்று சொல்லத்தக்க எதுவும் ஏறாது. இம்முறைக்கு ஸ்டீரியோ உலகில் பெரும் ஆதரவு தேடித்தந்தது வேல்ஸ் நாட்டில் ரிச்சர்ட் லார்ட் தொடங்கிய ரெல் நிறுவனம். ஓர் எச்சரிக்கை அவசியம். டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றிலும் பிரிட்ஜ் செய்தவற்றிலும் ஸ்பீக்கரின் கருப்பு முனை எர்த் அல்ல. அதிலும் சமிக்ஞை ஓடுகிறது. சப்வூஃபரின் கருப்புக் கம்பியை அதில் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் சேதமாகலாம். அத்தகையவற்றில் கருப்புக் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைக்கும்படி தயாரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். கையேட்டைப் படித்த பிறகே கம்பியைத் தொடுவது நல்லது.

அடுத்தது, இரண்டும் சந்திக்கும் அதிர்வெண். 80 ஹெர்ட்ஸ் என்பது டோம்லின்சன் ஹோல்மன் வடிவமைத்த டி.எச்.எக்ஸ். தரத்தால் பரவிய எண். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர்; இரண்டு காதுகளுக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான். இவ்வளவு நீண்ட அலை இரு காதுகளையும் ஏறக்குறைய ஒரே நிலையில் வந்தடைவதால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்வது மிகவும் கடினம். சப்வூஃபரை எங்கே வைத்தாலும் இசை ஸ்பீக்கர்களுக்கு நடுவிலிருந்து வருவதாகத் தோன்றுவது இந்தக் குருட்டுத்தனத்தால்தான். ஆனால் வடிகட்டி ஒரு சுவரல்ல. சரிவு 12 டெசிபெல் மட்டும் என்றால் 160 ஹெர்ட்ஸிலும் ஒலி கசியும், பெட்டி இருக்கும் இடம் தெரிந்துவிடும். 24 டெசிபெல் சரிவு பாதுகாப்பானது. பெட்டியின் மரப்பலகை நடுக்கமும் துளையில் காற்று சீறுவதும் கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அவை 80 ஹெர்ட்ஸுக்கு வெகு மேலே உள்ள ஒலிகள்.

இந்தச் சந்திப்பில் ஓர் அழகான பொருத்தம் உண்டு. ஹியூலட்-பாக்கர்டு நிறுவனப் பொறியாளர்கள் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் வகுத்த வடிகட்டி, 1976இல் வெளியான கட்டுரை வழியே பரவியது. அதில் இரண்டு பக்கமும் சந்திப்புப் புள்ளியில் 6 டெசிபெல் குறைந்து, ஒரே கட்டத்தில் (ஃபேஸ்) இருந்து, கூட்டும்போது சமதளமாகின்றன. மூடிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்று 80 ஹெர்ட்ஸில் தானாகவே ஸ்தாயிக்கு 12 டெசிபெல் தேயத் தொடங்குவதாக இருந்தால், அதன்முன் 80 ஹெர்ட்ஸில் 12 டெசிபெல் உயர்கடத்தி வைத்தால் போதும். இரண்டும் சேர்ந்து 24 டெசிபெல் லிங்க்விட்ஸ்-ரைலி சரிவாகிவிடும். மறுபக்கம் சப்வூஃபரில் 24 டெசிபெல் தாழ்கடத்தி. டி.எச்.எக்ஸ். ஏற்பாடு இதுவே. துளைப்பெட்டி ஸ்பீக்கரில் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் துளையில் நுரைப்பஞ்சை அடைத்தால் அது ஏறக்குறைய மூடிய பெட்டியாகி, இணைப்பு எளிதாகும். பல தயாரிப்பாளர்கள் அந்தப் பஞ்சைப் பெட்டியோடு தருவது அலங்காரத்துக்கல்ல.

முழு வீச்சில் ஓடும் ஸ்பீக்கர்களுக்கு எல்லை இன்னும் கீழே, 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் அமையும். சப்வூஃபரின் பின்புறக் குமிழில் அச்சிட்ட எண்களை அதிகம் நம்ப வேண்டியதில்லை. அவை தோராயமானவை.

இதுவரை சொன்னவை எல்லாம் கருவிகளைப் பற்றி. கருவிகளைவிட அறை வலியது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம்: நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 3. வெதுவெதுப்பான காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 346 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை பொருந்தும் அதிர்வெண்களில் நிலை அலைகள் உண்டாகும்: நீளவாக்கில் 34.6 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 43, உயரவாக்கில் 58. பிறகு அவற்றின் மடங்குகள், சேர்க்கைகள். இந்த அதிர்வெண்களில் அறையே ஒரு வாத்தியம்போல் ஒலிக்கும். கணு விழும் இடத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரம் காணாமல் போகும். எதிர்க்கணுவில் உட்கார்ந்தவருக்கு அது மட்டும் ஊதிப் பெருத்து, நின்ற பிறகும் முழங்கிக்கொண்டிருக்கும். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி தரும் 41 ஹெர்ட்ஸ் சுரம், இந்த அறையின் அகலவாக்கு ஒத்ததிர்வுக்கு அருகில் விழுவதைக் கவனிக்கலாம். ஒரு சுரம் மட்டும் குமுறுகிறது, அடுத்தது கேட்கவேயில்லை என்ற புகாரில் குற்றவாளி பெரும்பாலும் சப்வூஃபர் அல்ல.

அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர்கள் தாழ்ந்த ஒலியில் தாங்களும் அசைந்து, ஓரளவை உறிஞ்சியும் வெளியே கசியவிட்டும் விடுகின்றன. செங்கல்லும் கான்கிரீட்டும் அசையாது. அதனால் நம் ஊர் அறைகளில் ஒத்ததிர்வுகள் கூர்மையாகவும் நீண்டும் இருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகளின் அறிவுரைகள் இங்கே அப்படியே பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். மூடிய கான்கிரீட் அறையில், மிகத் தாழ்ந்த ஒத்ததிர்வுக்கும் கீழே அறையின் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்தித் தளர்வதால் ஒலி கூடுகிறது. மூடிய பெட்டி சப்வூஃபரின் தேய்மானத்தை இது ஓரளவு ஈடுகட்டும். சன்னலையும் கதவையும் திறந்து வைத்தால் அந்த லாபம் போய்விடும். வெயில் காலத்தில் ஏசி போட்டு மூடிய அறையிலும், மாலையில் காற்றுக்குத் திறந்த அறையிலும் ஒரே பாட்டின் அடிப்பகுதி வேறுவேறாகக் கேட்பது மனப்பிரமை அல்ல.

மான்ஃப்ரெட் ஷ்ரோடரின் சூத்திரத்தின்படி, இந்த 60 கன மீட்டர் அறையில் எதிரொலி அடங்கும் நேரம் அரை நொடி என்றால், ஏறக்குறைய 180 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி ஒத்ததிர்வுகளின் ஆட்சி நடக்கிறது. சப்வூஃபர் பாடும் சுரங்கள் அனைத்தும் அந்த ஆட்சிக்குள் அடங்கியவை.

எனவே, பெட்டியை எங்கே வைப்பது, எங்கே உட்காருவது என்பவையே முதன்மையான முடிவுகள். அறை மூலை எல்லா ஒத்ததிர்வுகளையும் எழுப்பும். ஒலி அதிகம், ஏற்றத்தாழ்வும் அதிகம். சுவரின் நடுப்பகுதி அந்தச் சுவர் வாக்கிலான முதல் ஒத்ததிர்வை எழுப்பாது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை ரத்து செய்யும். சுவரை ஒட்டி வைத்தால் அந்தப் பள்ளம் சப்வூஃபரின் வீச்சுக்கு மேலே போய்விடும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் சப்வூஃபரைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பேஸைத் தனிப் பெட்டிக்கு மாற்றியதன் வசதியே அதுதான். கேட்பவரின் நாற்காலி அறை நீளத்தின் சரிபாதியில் இருந்தால் 34.6 ஹெர்ட்ஸின் கணுவில் இருக்கிறது. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிவிட்டால் நீளவாக்கு ஒத்ததிர்வுகள் அனைத்தும் உச்சத்தில் கேட்கும். இரண்டுக்கும் இடையே எங்காவது அமைவது நல்லது.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சப்வூஃபரைக் கேட்பவரின் நாற்காலியில் தூக்கி வைத்து, பேஸ் கிதார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெட்டியை வைக்க வாய்ப்புள்ள இடங்களில் தரையோடு தலையைத் தாழ்த்தித் தவழ்ந்து கேட்க வேண்டும். எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கும் இடமே பெட்டிக்குரிய இடம். ஒலியின் மூலத்தையும் கேட்கும் காதையும் இடம் மாற்றினாலும் அவற்றுக்கு இடையிலான கடத்தல் மாறாது என்ற பரிமாற்ற விதியே இதற்கு ஆதாரம். விலையுயர்ந்த கருவிகள் வந்த பிறகும் இதை விஞ்சும் எளிய வழி வரவில்லை.

இடம் முடிவான பின்பே கட்டம். சந்திப்பு அதிர்வெண்ணில் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் பாடுகின்றன. ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்து நாற்காலிக்கு வந்தால் அந்தச் சுரம் பள்ளத்தில் விழும். சப்வூஃபர் ஸ்பீக்கர்களைவிட இரண்டு மீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலி 5.8 மில்லிநொடி முந்துகிறது. 80 ஹெர்ட்ஸில் அரை அலைக்கு 6.25 மில்லிநொடிதான் என்பதால் இது ஏறக்குறைய முழு எதிர்ப்பு. இதோடு வடிகட்டியும் சப்வூஃபருக்குள் இருக்கும் எண்முறைச் சுற்றும் தங்கள் பங்குக்குச் சில மில்லிநொடித் தாமதத்தைச் சேர்க்கும். டேப் வைத்து அளந்து சரிசெய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

காதால் சரிசெய்ய நம்பகமான முறை தலைகீழானது. இரண்டு ஸ்பீக்கர்களின் சிவப்பு, கருப்புக் கம்பிகளையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, சந்திப்பு அதிர்வெண்ணில் ஒற்றைச் சுரம் ஒன்றை ஓடவிட்டு, நாற்காலியில் ஒலி மிகக் குறையும் வரை சப்வூஃபரின் ஃபேஸ் குமிழைத் திருப்ப வேண்டும். பிறகு கம்பிகளைப் பழையபடி மாற்றினால் அதே நிலையில் ஒலி உச்சத்தில் கூடும். நேராக உச்சத்தைத் தேடாமல் பள்ளத்தைத் தேடுவதற்குக் காரணம், உச்சம் மழுங்கலானது, பள்ளம் கூர்மையானது. 0, 180 என்று இரண்டு நிலை மட்டும் உள்ள பெட்டியில் எது உரக்கக் கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டியைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய வேண்டியதுதான்.

ஒலியளவு கடைசியில் வரவேண்டியது; பலரும் முதலில் தொடுவது அதைத்தான். பிங்க் நாய்ஸை ஓடவிட்டு, சி எடையில் வைத்த ஒலிமானியால் ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் தனித்தனியே அளந்து சமமாக்குவது தொடக்கப் புள்ளி. அதன்பின் காது. ஆண் குரலில் செய்தி வாசிப்பதை ஓடவிட்டுப் பார்க்கலாம்: பேச்சின் அடிப்படை அதிர்வெண் சராசரியாக 100 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் சப்வூஃபர் அநேகமாகச் சும்மா இருக்க வேண்டும். வாசிப்பவர் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் அளவோ எல்லையோ அதிகம். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி வளைந்து இறங்கி முடிய வேண்டும். முடிந்த பின்னும் அறை முழங்கக் கூடாது. சப்வூஃபர் ஓடுவது தெரிந்தால் பெரும்பாலும் 2, 3 டெசிபெல் அதிகமாக இருக்கிறது என்று பொருள். புதிதாக வாங்கியவர் செலவழித்த பணம் கேட்க வேண்டும் என்று விரும்புவதால் இந்தத் தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. மெதுவான ஒலியில் கேட்பவர், காதின் மந்தத்தை ஈடுகட்ட ஒன்றிரண்டு டெசிபெல் கூட்டி வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

இதற்கு மேல் போக விரும்புபவருக்கு அளவீடு. ஜான் மல்காஹி எழுதிய ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளும், அளவுத்திருத்தம் செய்த யூ.எஸ்.பி. மைக்கும் இருந்தால் நாற்காலியில் எந்தச் சுரம் உயர்ந்திருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்பது வரைபடமாகத் தெரிந்துவிடும். மேடுகளை எண்முறை வடிகட்டியால் வெட்டலாம். அறை முழங்கும் நேரமும் அதனால் குறையும். பள்ளங்களை நிரப்ப முயல்வது வீண். இரண்டு அலைகள் ஒன்றையொன்று ரத்து செய்யும் இடத்தில் 10 டெசிபெல் கூட்டினால் ரத்தாவதும் 10 டெசிபெல் கூடும். ஆம்ப்ளிஃபயர் மட்டும் பத்து மடங்கு திறனைச் செலவழித்துத் திணறும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம், அல்லது இன்னொரு சப்வூஃபர்.

இரண்டாவது சப்வூஃபர் ஆடம்பரம் போலத் தோன்றினாலும் அதன் பயன் ஒலியைக் கூட்டுவதல்ல. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறைகளில் சப்வூஃபர்களின் எண்ணிக்கையையும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று என இரண்டை வைத்தால், ஒன்று எழுப்பும் ஒத்ததிர்வை மற்றது அடக்கி, இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. நான்கு சுவர் நடுவிலும் நான்கு வைத்தால் இன்னும் சிறப்பு. ஒருவர் மட்டும் ஒரே நாற்காலியில் கேட்கும் வீட்டுக்கு ஒன்றே போதும். குடும்பமே சோபா முழுக்க உட்கார்ந்து கேட்கும் கூடத்தில், ஒரே பெரிய சப்வூஃபரைவிட இரண்டு சிறியவை நல்ல முதலீடு.

எல்லாம் சரியாக அமைந்த பின்னும் பாட்டு ஓடாதபோது ஓர் உறுமல் கேட்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் சப்வூஃபர் பாடும் வீச்சுக்குள்ளும் ஓரத்திலும் விழுகின்றன. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரின் ப்ளக் பாயின்ட்டிலும் சப்வூஃபர் எதிர்ச்சுவரின் ப்ளக் பாயின்ட்டிலும் இருந்தால், இரண்டு எர்த் கம்பிகளும் ஆர்.சி.ஏ. கம்பியின் உறையும் சேர்ந்து ஒரு வளையமாகி உறுமலை உள்ளே இழுக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஓட்டினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ஆர்.சி.ஏ. பாதையில் தனிப்படுத்தும் மின்மாற்றி வைக்கலாம். மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை நீக்கிவிடும் குறுக்குவழி உறுமலை நிறுத்தும். பழுது வந்தால் பெட்டியின் உலோகத்தைத் தொடுபவரின் உயிருக்கும் அது ஆபத்து.

இசைத்தட்டு கேட்பவருக்குக் கூடுதலாக ஒரு வேலை. லேசாக வளைந்த தட்டு ஊசியைத் தூக்கித் தாழ்த்துவதும், டோன் ஆர்மின் ஒத்ததிர்வும் 10 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் பெரிய சமிக்ஞைகளை உண்டாக்குகின்றன. காது இவற்றைக் கேட்காது. சப்வூஃபரின் கூம்பு கேட்டுக்கொண்டு அநாவசியமாக முன்பின் பாயும். தட்டு சுழலும் மேசையும் சப்வூஃபரும் ஒரே மூலையில் இருந்தால், அதிர்வு தரை வழியாகவும் காற்று வழியாகவும் ஊசிக்குத் திரும்பிப் போய், ஒலியைக் கூட்டக் கூட்ட ஊளையாகவே மாறலாம். டர்ன்டேபிளைச் சுவரில் பொருத்திய பலகைக்கு மாற்றுவது முதல் தீர்வு. போனோ ப்ரீஆம்ப்பில் 20 ஹெர்ட்ஸை ஒட்டி வெட்டும் ரம்பிள் ஃபில்டர் இருந்தால் அதைப் போட்டுவிடுவது இரண்டாவது. சப்வூஃபரின் முன்துணியைக் கழற்றிவிட்டு, தட்டின் தொடக்கத்தில் பாட்டில்லாத வரியில் ஊசியை இறக்கிப் பார்த்தால், ஃபில்டர் வேலை செய்கிறதா என்பதைக் கூம்பின் அசைவே சொல்லிவிடும்.